சின்னக் கயிறும் பெரிய கயிறும்

குருவியின் மாமாவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். கரப்பான்பூச்சியைக் கண்டால் மட்டும் நாற்காலி மேல் ஏறி நின்றுகொள்வார், உண்மைதான். அதையெல்லாம் யார் கணக்கில் சேர்க்கிறார்கள்?

மாமா செய்த வேலை அப்படிப்பட்டது. வெளிப்பக்கம் முழுக்கக் கண்ணாடியாக, வானத்தை முட்டிக்கொண்டு நிற்கும் கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கண்ணாடிகளைக் கயிற்றில் தொங்கிக்கொண்டே துடைப்பவர் அவர். அங்கிருந்து பார்த்தால் கீழே போகிற பேருந்து தீப்பெட்டி மாதிரி இருக்கும். மாமாவோ ஒரு சின்னப் பலகையில் ஊஞ்சலில் உட்கார்ந்தவர் போல உட்கார்ந்து, சோப்புத் தண்ணீரைப் பூசுவார், ரப்பர் பட்டையால் வழிப்பார், விசில் அடிப்பார்.

அவரை மொட்டைமாடியிலிருந்து இறக்குவது குருவியின் அப்பா. மாமா அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாததால் அவர்கள் வீட்டிலேயே இருந்தார். குருவி என்ற பெயரும் அவர் வைத்ததுதான். வாய் ஓயாமல் கீச்கீச்சென்று பேசுகிறாளே என்று விளையாட்டாகக் கூப்பிடப்போய், பள்ளிக்கூடம் தவிர எல்லா இடத்திலும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. இப்போது அவளுக்குப் பத்து வயது.

இந்தக் கதையில் இரண்டு கயிறுகள் வரும். அவற்றைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாமாவைத் தாங்குவது பெரிய கயிறு. மாடியில் ஓர் இரும்புக் கொக்கியைச் சுற்றி அது அப்பாவின் கைக்கு வரும். கூடவே ஒரு சின்னக் கயிறும் இறங்கும். அது பேசுவதற்கு. அவ்வளவு உயரத்தில் காற்று ஹோவென்று அடிக்கும். தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. ஃபோன் இல்லையா என்று கேட்காதீர்கள். இரண்டு கையிலும் சோப்பு இருக்கும்போது ஃபோனை மூக்காலா அமுக்குவது? அதனால் மாமா சின்னக் கயிற்றை ஒரு முறை இழுப்பார். “இருக்கீங்களா?” என்று அர்த்தம். மேலிருந்து அப்பா ஒரு முறை இழுப்பார். “இருக்கேன்” என்று அர்த்தம்.

விளிம்பைத் தாண்டிக் காலை வைக்கும் முன் மாமா ஒரு ஜெபம் செய்வார். உலகத்திலேயே சின்ன ஜெபம் அதுவாகத்தான் இருக்கும்.

“ஆண்டவரே, என்னை நீங்க பிடிச்சுக்கோங்க. மீதியை அத்தான் பார்த்துக்குவார். ஆமென்.”

“ஆண்டவருக்கு ஒரு வேலை, எனக்கு ஒரு வேலைன்னு பிரிச்சுக் குடுக்கிறான் பாரு” என்று அப்பா சிரிப்பார்.

ஒரு நாள் சின்னக் கயிறு ஏதோ ஒரு ஜன்னல் இடுக்கில் போய் மாட்டிக்கொண்டது. அந்தக் கதையை மாமா சாப்பாட்டு மேசையில் நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

“இழுக்கிறேன், இழுக்கிறேன், பதிலே இல்ல. அத்தான் டீ குடிக்கப் போயிட்டார், நம்ம கதை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். உள்ளே ஒரு அம்மா சாப்பிட்டுட்டு இருந்தாங்க. கண்ணாடியைத் தட்டி, காப்பாத்துங்கன்னு ரெண்டு கையையும் ஆட்டுறேன். அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? சந்தோஷமா டாட்டா காட்டுனாங்க.”

“நான் எங்கடா டீ குடிக்கப் போனேன்?” என்பார் அப்பா. “பெரிய கயித்தைப் பிடிச்சுக்கிட்டு அங்கேயேதான் நின்னேன். அன்னைக்குன்னு பார்த்து மூக்கு வேற அரிக்குது. சொறியக்கூடக் கையை எடுக்கலையே.”

குருவி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அந்த வீட்டில் அப்படிச் சிரித்து இப்போது வெகுநாளாகிவிட்டது. மாமாவுக்கு வயிற்றில் ஒரு கட்டி வந்தது. மாதக்கணக்கில் மருத்துவமனையில் இருந்தார். ஒரு நாள் அவரை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். குணமாகிவிட்டது என்று நினைத்து குருவி வாசலுக்கு ஓடினாள். அப்பா மாமாவைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினார். பின்னால் வந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் குருவியின் கால்கள் அப்படியே நின்றுவிட்டன.

அன்று மாலை அம்மா அவளை அடுக்களைக்குள் கூப்பிட்டு உண்மையைச் சொன்னாள். “இனிமே மருந்து கேட்காதாம் கண்ணு. வலி இல்லாம பார்த்துக்கோங்கன்னு டாக்டர் சொல்லிட்டார்.”

“அப்போ மாமா செத்துப்போயிடுவாங்களா?”

அம்மா பொய் சொல்லவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். குருவியும் அழுதாள்.

அப்பா அழவில்லை. கயிறும் பலகையும் இருந்த பையைப் பரண்மேல் தூக்கி வைத்தார். “இதை யாரும் தொடக்கூடாது” என்றார். மறுநாளிலிருந்து தரையில் நின்றபடியே கடைக் கண்ணாடிகளைக் கழுவும் வேலைக்குப் போனார். சாயங்காலம் வந்து மாமாவின் அறை வாசலில் நிற்பார். “சாப்பிட்டியா மாப்ளே?” என்பார். “ஆச்சு அத்தான்” என்பார் மாமா. உடனே அப்பா போய்விடுவார். உள்ளே மட்டும் வரமாட்டார்.

ஒரு நாள் மத்தியானம் போதகர் வந்தார். நல்ல மனிதர். மாமாவின் தலையில் கை வைத்து உருக்கமாக ஜெபித்தார். மாமா சத்தமாக ஆமென் சொன்னார். ஆனால் கண்ணை மூட மறந்துபோன குருவி ஒன்றைப் பார்த்துவிட்டாள். மாமாவின் கை போர்வையைக் கசக்கிப் பிடித்திருந்தது. விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

போதகர் போன பிறகு அவள் தண்ணீர் கொண்டுபோனாள்.

“கொஞ்ச நேரம் இங்கேயே இரேன்” என்றார் மாமா.

அவள் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். மாமா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், “குருவி, மாமாவுக்குப் பயமா இருக்கு. யார்கிட்டேயும் சொல்லிடாத.”

குருவி அவர் முகத்தை எட்டிப் பார்த்தாள். பத்தாவது மாடியில் விசில் அடித்தவரா இவர்?

“எது பயமா இருக்கு மாமா?”

“தூங்குனா, முழிக்கிறப்போ யாருமே இல்லாம போயிடுமோன்னு பயமா இருக்கு. ஜெபம் பண்ணலாம்னா அதுவும் வரமாட்டேங்குது. விசுவாசம் இருக்கிறவங்க பயப்பட மாட்டாங்கன்னு சொல்வாங்க. எனக்கு அது இல்லை போலிருக்கு.”

குருவி யோசித்தாள். “இயேசுவும் பயந்தாரே மாமா.”

“எப்போ?”

“அவரைப் பிடிச்சிட்டுப் போறதுக்கு முன்னாடி. அந்தத் தோட்டத்துல. வேர்த்துக் கொட்டிச்சாம். சிநேகிதங்களைக் கூப்பிட்டு, என்கூட முழிச்சிருங்கன்னு கேட்டாராம். ஞாயிறு பள்ளியில டீச்சர் சொன்னாங்க.”

“ஆமா. அவங்க என்ன பண்ணாங்க?”

“கொர்ருன்னு தூங்கிட்டாங்க.” குருவியின் முகம் சிவந்தது. “எனக்கு அதை நினைச்சாலே கோபமா வரும். ஒருத்தராவது முழிச்சிருக்கக் கூடாதா?”

மாமாவின் உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது. குருவி கட்டிலிலிருந்து குதித்தாள்.

“நீங்க தூங்குங்க மாமா. நான் முழிச்சிருக்கேன்.”

“போய்ப் பாடத்தைப் படி. என் மூச்சை எண்ணிக்கிட்டு இங்கே உட்கார வேண்டாம்.”

“பாடமும் படிப்பேன், முழிச்சும் இருப்பேன்” என்றாள் குருவி. அவளுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது.

நாற்காலி மேல் முக்காலி போட்டு, அவள் பரணுக்குள் கையை விட்டபோது அம்மா வந்துவிட்டாள்.

“அப்பா தொடக்கூடாதுன்னு சொன்னாரில்ல?”

“மாமாவுக்குத்தாம்மா. சின்னக் கயிறு மட்டும் போதும்.”

அம்மா அவளையே பார்த்தாள். திட்டவில்லை. முக்காலி ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

கயிற்றின் ஒரு முனை மாமாவின் மணிக்கட்டில். அங்கிருந்து அறை வாசலைத் தாண்டி, சுவர் ஓரமாகப் போய், சாப்பாட்டு மேசையில் படித்துக்கொண்டிருக்கும் குருவியின் இடது கையில் மறுமுனை. கதவு மூடாமலிருக்க ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்தாள்.

“ஒரு தடவை இழுத்தா என்ன அர்த்தம்னு தெரியுமில்ல?” என்று கேட்டாள்.

“இருபது வருஷமா இழுத்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?” என்றார் மாமா.

முதல் இழுப்பு உடனே வந்தது. குருவி திருப்பி இழுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அதற்கும் இழுத்தாள். பிறகு வரவே இல்லை. எட்டிப் பார்த்தால், மாமா வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அப்பா வந்தார். தரையில் கிடந்த கயிற்றைப் பார்த்தார். குருவியின் கையைப் பார்த்தார். அவள் பயந்துகொண்டே நிமிர்ந்தாள். அப்பா கயிற்றைத் தாண்டிக் கால் வைத்து, முகம் கழுவப் போய்விட்டார்.

பள்ளிவிட்டு வந்ததும் கயிற்றைக் கட்டிக்கொள்வது குருவிக்கு வழக்கமாகிவிட்டது. அவள் பள்ளியில் இருக்கும்போது மறுமுனை அம்மாவின் இடுப்பில் இருக்கும். “இந்தக் கயிறு தடுக்கி நான்தான் முதல்ல போய்ச் சேருவேன்” என்று அம்மா முணுமுணுப்பாள். ஆனாலும் அவிழ்க்கமாட்டாள்.

மாமா நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தார். இழுப்பும் மெலிந்துகொண்டே வந்தது. குருவி காதைத் தீட்டிக்கொள்வதுபோல் மணிக்கட்டைத் தீட்டிக்கொண்டாள்.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. அம்மா தரையைக் கழுவுவதற்காகச் செங்கல்லை நகர்த்தியிருந்தாள். எங்கோ ஒரு கதவு படாரென்று அடித்துக்கொண்டது. காற்றுதானே என்று குருவி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று உள்ளேயிருந்து மாமா கத்தினார். அவர் அப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை.

ஓடினாள். மாமாவின் அறைக் கதவுதான் மூடியிருந்தது. தள்ளித் திறந்தாள். மாமா எழுந்து உட்காரப் பார்த்து முடியாமல், வேர்வையில் நனைந்து கிடந்தார்.

“கூப்பிட்டேன். இழுத்து இழுத்துப் பார்த்தேன். நீ பதிலே சொல்லல.”

“நான் அங்கேயேதான் இருந்தேன் மாமா. எங்கேயும் போகல. கதவுதான் கயித்தைக் கடிச்சுக்கிச்சு. நான் பார்க்கல மாமா.” குருவிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “உன் மேல தப்பில்ல கண்ணு. ஆண்டவரும் இப்படித்தான் பண்றார். எத்தனை நாளா இழுக்கிறேன் தெரியுமா? ஒரு தடவைகூடத் திருப்பி இழுக்கல. மேல யாருமே இல்லையோன்னு தோணுது.”

போதகராக இருந்தால் இதற்கு ஒரு பதில் சொல்லியிருப்பார். குருவி தரையில் கிடந்த கயிற்றைப் பார்த்தாள். கதவு கடித்த இடத்தில் அது நசுங்கியிருந்தது. அவளுக்குச் சம்பந்தமே இல்லாமல் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து டாட்டா காட்டிய அந்த அம்மா ஞாபகத்துக்கு வந்தார்.

“மாமா, அன்னைக்கு ஒரு நாள் சின்னக் கயிறு ஜன்னல்ல மாட்டிக்கிச்சே. அப்போ நீங்க ஏன் கீழே விழல?”

“ஏன் விழணும்? நான் தொங்குனது பெரிய கயித்துல.”

“அதை யாரு பிடிச்சிருந்தாங்க?”

“அத்தான்தான்.”

“நீங்க இழுத்து இழுத்துப் பதில் வராதப்போ கூடவா?”

மாமா தன் மணிக்கட்டில் இருந்த கயிற்றைப் பார்த்தார்.

“நீங்க அப்பா இல்லவே இல்லைன்னு நினைச்சீங்க. ஆனா அப்பா அங்கேதானே இருந்தாங்க?” என்றாள் குருவி. “நானும் இப்போ அங்கேதான் மாமா இருந்தேன்.”

அறை வாசலில் நிழல் தெரிந்தது. அப்பா. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. வேலை உடுப்பு ஈரமாக இருந்தது. இவ்வளவு நாளும் வாசலிலேயே நின்றவர், இன்று உள்ளே வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“உன்னை விட்டிருப்பேனாடா?” என்றார். “மூக்கைச் சொறியக்கூட நான் கையை எடுக்கலையேடா.”

அவ்வளவுதான். அப்பா மாமாவின் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். மாமா, எலும்பாகிப்போன கையால் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். ஆறுதல் சொல்ல வேண்டியவர் யார், கேட்க வேண்டியவர் யார் என்றே தெரியவில்லை. அம்மா வாசலில் துடைப்பத்தோடு நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ரொம்ப நேரம் கழித்து மாமா கண்ணை மூடினார். தூங்குகிறார் என்றுதான் குருவி நினைத்தாள்.

“ஆண்டவரே” என்றார் அவர். “என்னை நீங்க பிடிச்சுக்கோங்க.”

எல்லாரும் காத்திருந்தார்கள்.

“மீதியை அத்தான் பார்த்துக்குவார். ஆமென்.”

அன்று அவர் கை போர்வையைக் கசக்கவில்லை. விரல்கள் விரிந்து, அப்பாவின் கைக்குள் சும்மா கிடந்தன.

அதன் பிறகும் மாமாவுக்குப் பயம் அடியோடு போய்விடவில்லை. வந்தது. வரும்போதெல்லாம் அந்தச் சின்ன ஜெபத்தைச் சொன்னார். பிறகு கயிற்றை இழுத்தார். குருவி திருப்பி இழுத்தாள். சாயங்காலங்களில் அப்பா அவர் பக்கத்தில் உட்கார்ந்து ரேடியோ கேட்டார். ஒரு நாள் சுவரில் கரப்பான்பூச்சி ஒன்று வந்தது. “அத்தான், நாற்காலி” என்றார் மாமா. நால்வரும் சிரித்தார்கள். அது பழைய சிரிப்புப் போலவே இருந்தது.

ஒரு விடியற்காலை குருவி கண் விழித்தபோது, மணிக்கட்டில் ஏதோ அசைந்தது மாதிரி இருந்தது. இப்போதெல்லாம் அவள் கயிற்றைக் கட்டிக்கொண்டேதான் தூங்குவாள். இழுப்பா, வெறும் அசைவா? இன்னது என்று சொல்ல முடியாத அளவுக்கு மெல்லியதாக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு முறை இழுத்தாள். பிறகு எழுந்து போனாள்.

அப்பாவும் அம்மாவும் கட்டிலின் இரண்டு பக்கமும் இருந்தார்கள். ஜன்னல் வெளுத்துக்கொண்டிருந்தது. மாமாவின் மூச்சு ஒன்று வந்தது. அடுத்ததற்காக எல்லாரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை. அவர் முகம் தூங்குகிற முகமாகத்தான் இருந்தது.

அடக்கத்துக்கு நிறையப் பேர் வந்தார்கள். “பயமே அறியாத மனுஷன்” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். குருவி அவர்களைத் திருத்தவில்லை. பயந்தவர்தான். பயந்தும் கையை விரித்துக் கொடுத்தவர். அது அவளுக்குத் தெரியும்.

எல்லாரும் போன பிறகு வீடு பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. கணக்கு நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். சின்னக் கயிறு அப்படியே தரையில் கிடந்தது. சுருட்டி வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. பழக்கத்தில் அவள் தன் பக்கத்து முனையை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள். இனிமேல் அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்? கண்ணீர் நோட்டில் சொட்டி, போட்ட கணக்கெல்லாம் கலங்கிப்போயிற்று.

அப்போது கயிறு இழுபட்டது.

ஒரே ஒரு முறை.

குருவி நிமிர்ந்தாள். திறந்திருந்த கதவு வழியே பார்த்தாள். மாமாவின் வெறுங்கட்டிலில் அப்பா உட்கார்ந்திருந்தார். கயிற்றின் மறுமுனை அவர் கையில் இருந்தது. தலையைக் குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. காலையிலிருந்து அவர் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.

குருவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு முறை திருப்பி இழுத்தாள்.

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது, கரகரவென்று.

“ஆண்டவரே, அவனை நீங்க பிடிச்சுக்கோங்க. இங்கே இருக்கிறவளை நான் பார்த்துக்கிறேன். ஆமென்.”

“ஆமென்” என்றாள் குருவி. பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டே அப்பாவிடம் போனாள்.